குடும்ப வைத்தியர் கிடைக்காதோருக்கு இன்னொரு வாசல்

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் குடும்பமொன்றைச் சில மாதங்களுக்கு முன்னர் நாம் சந்தித்தோம். கணவன், மனைவி, ஐந்து வயதுப் பெண் குழந்தை, கணவனின் தாயார் என நால்வர். அவர்களது அகதிக் கோரிக்கை விசாரணைக்கு இன்னும் திகதி குறிக்கப்படவில்லை. தாயாருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நெடுங்காலமாக அவருக்கு உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசைகள் மூன்றே மாதங்களில் முடிந்துபோயின.

மகன் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். தொலைபேசியில் அழைத்த குடும்ப வைத்தியர் அலுவலகங்கள் யாவும், புதிய நோயாளரைச் சேர்ப்பதில்லை என்றே பதில் சொல்லின. வோக்-இன் கிளினிக் ஒன்றில் ஒரு மாதத்திற்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் போனபோது வேறொரு வைத்தியர் இருந்தார். நோயின் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. பின்னர் ஒருநாள், 'நேர்ஸ் பிராக்டிஷனர்' என்று பெயர்ப்பலகை தொங்கிய ஓரிடத்திற்குத் தாயாரை அழைத்துச் சென்றார். அங்கே வரவேற்பு மேசையில் இருந்தவர், ஒவ்வொரு தடவை பார்ப்பதற்கும் இவ்வளவு டொலர் என்று ஒரு கட்டணப் பட்டியலை நீட்டினார். இரவு வேளையில் துப்புரவு வேலை செய்யும் மகனால் அத்தொகையைக் கொடுக்க முடியவில்லை. இருவரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

அன்று முதல் அந்தத் தாய் எவருக்கும் சொல்லாமல் குளிசைகளைப் பாதியாக முறித்து விழுங்கத் தொடங்கினார். அடுத்த மருந்துச் சீட்டு எப்போது கிடைக்கும் என்பது தெரியாது, இருப்பதை நீட்டிக்கவேண்டும், மகனுக்குப் பாரமாக இருக்கக்கூடாது. இவைதாம் அவரது கணக்கு. சமையலறையில் தலை சுற்றி விழுந்த பின்னரே வீட்டாருக்கு விடயம் தெரியவந்தது.

இன்று அத்தாயார் ஒரு சமூக சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெறுகிறார். அவரைப் பார்ப்பவரும் ஒரு நேர்ஸ் பிராக்டிஷனரே. முதல் நாளே நெடுநேரம் இருத்திப் பேசினார்களாம். தமிழில் மொழிபெயர்க்க ஒருவர் இருந்தாராம். பின்னர் காலுறைகளைக் கழற்றச் சொல்லி, பாதங்களையும் விரல் இடுக்குகளையும் அந்தத் தாதி ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். "இத்தனை வருசத்திலை என்ரை காலை ஒருத்தரும் இப்பிடிப் பாக்கேல்லை, தம்பி" என்று அவர் எம்மிடம் சொன்னார். சின்ன விரலின் அடியில் அவர் உணராமலே ஒரு புண் இருந்தது. பணம் எதுவும் கேட்கப்படவில்லை.

பெயர்ப்பலகையில் இருந்த சொல் ஒன்றே. ஒரு வாசலில் பணம் கேட்டார்கள். மற்ற வாசலில் கேட்கவில்லை. இதற்கான காரணத்தை அறியாமையால் எம்மவர் பலர் சிகிச்சையின்றித் திரும்புகிறார்கள். ஆதலால் அதனை இங்கு விளக்க முனைகிறோம்.

தாதி மருந்து எழுதலாமா?

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கவேண்டும். "வைத்தியர் கிடைக்கவில்லை என்பதற்காக எங்களைத் தாதியிடம் தள்ளிவிடுகிறார்கள்" என்று மனக்குறைப்படுவோரை நாம் கண்டிருக்கிறோம். ஊரை எண்ணிப் பார்த்தால் இக்குறை தானே நீங்கும். கிராமத்து ஆஸ்பத்திரியில் எமக்கு மருந்து தந்தவர் பெரும்பாலும் அப்போதிக்கரி ஐயா அல்லவா? பட்டம் பெற்ற வைத்தியர் தொலைவிலுள்ள பட்டினத்தில் இருந்தார். காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் கவனித்து, தன்னால் இயலாததைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அப்போதிக்கரியே. பிள்ளைப்பேற்றை மருத்துவிச்சி அம்மா பார்த்தார். அவர்களை நாம் ஒருபோதும் குறைவாக எண்ணியதில்லை.

இங்குள்ள நேர்ஸ் பிராக்டிஷனர் அவர்களைக் காட்டிலும் நீண்ட கல்வி பெற்றவர். பதிவுபெற்ற தாதியாகப் பணியாற்றியபின் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்து, தனிப் பரீட்சையில் தேறியவர். நோயை நிர்ணயம் செய்யவும், இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அனுப்பவும், மருந்துச் சீட்டு எழுதவும், விசேட வைத்திய நிபுணரிடம் சிபாரிசு செய்து அனுப்பவும் ஒன்ராறியோச் சட்டம் அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளின் ஆரம்பகாலப் பராமரிப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், மனச்சோர்வு முதலியவை அவரது அன்றாடப் பணிகள். தன் எல்லைக்கு அப்பாற்பட்டதை வைத்தியரிடம் கலந்தாலோசிப்பார். அமெரிக்காவில் 'குடும்ப நேர்ஸ் பிராக்டிஷனர்' எனப்படுபவரின் பணியை ஒன்ராறியோவில் 'ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு' என்ற பிரிவில் பதிவு பெற்றவர்கள் செய்கிறார்கள். ஒருவர் உண்மையிலேயே பதிவு பெற்றவரா என்பதை ஒன்ராறியோ தாதியர் கல்லூரியின் பகிரங்கப் பதிவேட்டில் எவரும் பார்த்து அறியலாம்.

இத்தொழில் 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லொரெற்றா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து முதலாவது பயிற்சி நெறியை ஆரம்பித்தார்கள். இதன் தகுதியை உலகுக்கு உறுதிப்படுத்திய ஆய்வோ எமக்கு மிக அருகில், ரொறன்ரோவுக்குத் தென்மேற்கே ஏரிக்கரையில் உள்ள பேர்லிங்ரன் நகரில் நடந்தது. 1971இலும் 1972இலும், அங்கு இரு குடும்ப வைத்தியர்களிடம் பதிவாகியிருந்த ஏறக்குறைய 1,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை வைத்தியர்களும் மறு பகுதியினரை நேர்ஸ் பிராக்டிஷனர்களும் பார்த்தார்கள். 1974இல் முடிவு வெளியானது. நோயாளரின் உடல்நலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. தாதியரிடம் வந்தவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை அவர்கள் வைத்தியரின் துணையின்றியே கவனித்து முடித்தார்கள்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அந்த வைத்திய நிலையத்தின் வருமானம் குறைந்துவிட்டது. ஏனெனில் வைத்தியர் செய்தால் அரசாங்கக் காப்புறுதி பணம் கொடுத்த வேலைக்கு, தாதி செய்தபோது கொடுக்கவில்லை. 1980களில் ஒன்ராறியோவில் இப்பயிற்சி நெறிகள் நின்றுபோயின. 1998இல் நடைமுறைக்கு வந்த சட்டமே நேர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு விரிந்த அதிகாரத்தை அளித்தது. எனினும் பணம் யார் கொடுப்பது என்ற அந்தப் பழைய கேள்வி முற்றாகத் தீரவில்லை.

இரண்டு வாசல்கள்

ஒன்ராறியோவில் குடும்ப வைத்தியர் பலர் தாம் செய்யும் பணிக்கு ஓஹிப் எனப்படும் மாகாணக் காப்புறுதியிடம் நேரடியாகக் கணக்கு அனுப்பிப் பணம் பெறுகிறார்கள். நேர்ஸ் பிராக்டிஷனர் அவ்வாறு ஓஹிப்புக்குக் கணக்கு அனுப்பும் முறை இங்கு ஏற்படுத்தப்படவில்லை. அவர்களுக்குப் பொதுப்பணம் சம்பளமாகவே வந்து சேர்கிறது. மாகாண அரசு ஒரு சுகாதார நிலையத்திற்கு ஆண்டு நிதி வழங்கும். அந்நிலையம் தாதிக்குச் சம்பளம் கொடுக்கும். நோயாளர் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. அத்தகைய நிதி பெறாத ஓரிடத்தில் ஒரு நேர்ஸ் பிராக்டிஷனர் தனியாகத் தொழில் நடத்தினால், அவர் பணம் கேட்பதற்கு நோயாளரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. எமது குடும்பம் திரும்பிவந்த வாசல் அதுவே. அந்தத் தாதியில் குற்றமில்லை. குடும்பம் தட்டிய கதவுதான் வேறு.

இந்நிலை குறித்து மத்திய அரசும் பேசியுள்ளது. வைத்தியர் செய்தால் காப்புறுதியில் அடங்கும் அவசியமான சிகிச்சையை நேர்ஸ் பிராக்டிஷனர் செய்யும்போது நோயாளரிடம் பணம் அறவிடக்கூடாது என்று, 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டத்திற்கு விளக்கம் அளித்து, அப்போதைய சுகாதார அமைச்சர் மார்க் ஹொலண்ட் 2025 ஜனவரியில் மாகாணங்களுக்குக் கடிதம் அனுப்பினார். 2026 ஏப்ரல் 1ஆம் திகதி அதன் நடைமுறைத் திகதியாகக் குறிக்கப்பட்டது. அறவிடும் இடங்களுக்கு மாகாணத்திற்கான மத்திய நிதியில் கழிவு செய்யலாம் என்பதே இதன் பலம். ஆனால் ஒரு கடிதத்தை நம்பி எம்மவர் வாசலில் நின்று வாதாட முடியாது. ஆகவே, நிச்சயமாகப் பணம் கேட்காத கதவுகள் எவை என்பதை அறிந்து வைத்திருப்பதே நன்று.

பணம் கேட்காத கதவுகள்

முதலாவது, கொம்யூனிற்றி ஹெல்த் சென்ரர் எனப்படும் சமூக சுகாதார நிலையங்கள். இங்கு வைத்தியர்களும் நேர்ஸ் பிராக்டிஷனர்களும் சமூகப் பணியாளர்களும் சம்பளத்திற்கு வேலை செய்கிறார்கள். புதிதாக வந்தவர்களையும் வறியவர்களையும் கவனிப்பது இவற்றின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ஓஹிப் அட்டை இல்லாதோரையும், எவ்வித காப்புறுதியும் இல்லாதோரையும் கூட ஏற்கும் இயல்புடையவை இவை. ஆனால் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் தபாற் குறியீட்டைக் கேட்டு, அந்த எல்லைக்குள் வசிக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். ஒன்று மறுத்தால், உங்கள் வீட்டுக்குரிய நிலையம் எது என்று அவர்களிடமே கேளுங்கள்.

இரண்டாவது, நேர்ஸ் பிராக்டிஷனர்களே தலைமை வகிக்கும் கிளினிக்குகள். இவற்றுள் முதலாவது 2007இல் சட்பெரியில் திறக்கப்பட்டது. அதன்பின் மாகாணத்தின் பல பாகங்களிலும் இத்தகைய 25 நிலையங்கள் உருவாகின. இவையும் மாகாண நிதியில் இயங்குபவை. பெயரில் ஒற்றுமை இருப்பதால், தனியார் நிலையத்தை இதுவென்று எண்ணி மயங்கவேண்டாம்.

மூன்றாவது, குடும்ப சுகாதாரக் குழுக்கள். இங்கு வைத்தியரோடு நேர்ஸ் பிராக்டிஷனரும் ஒரே குழுவில் இருப்பார். வைத்தியரிடம் இடமில்லை என்று சொன்னால், "குழுவிலுள்ள நேர்ஸ் பிராக்டிஷனரிடம் இடமுண்டா?" என்று தனியாகக் கேட்கவேண்டும்.

இவற்றைத் தேடுவது எப்படி? ஓஹிப் அட்டை உள்ளவர்கள், 2009இல் தொடங்கப்பட்ட 'ஹெல்த் கெயர் கனெக்ற்' என்னும் அரச பதிவில் தம் பெயரைக் கொடுக்கலாம். 811 என்ற இலக்கத்தை அழைத்தால் வழி காட்டுவார்கள். வைத்தியரோ நேர்ஸ் பிராக்டிஷனரோ, எவரிடம் இடம் வருகிறதோ அவரிடம் இணைத்துவிடுவார்கள். நேர்ஸ் பிராக்டிஷனர் வேண்டாம் என்று மறுத்துக் காத்திருப்பது, காத்திருப்பை நீட்டிக்குமேயன்றி வேறு பயன் தராது. 2025 ஜனவரியில் ஒன்ராறியோ அரசு 180 கோடி டொலர் திட்டமொன்றை அறிவித்து, 2029க்குள் மேலும் இருபது இலட்சம் பேரை இத்தகைய குழுக்களோடு இணைப்பதாகக் கூறியது. அவ்வாறு திறக்கும் புதிய இடங்கள் பெயர் பதிந்தவர்களையே முதலில் நாடும். அட்டை இல்லாதோர் 211 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பு உதவி கேட்டு, தமக்கு அருகிலுள்ள சமூக சுகாதார நிலையத்தை அறியலாம்.

அகதிக் கோரிக்கையாளர் அறியவேண்டியவை

கோரிக்கை ஏற்கப்படும்வரை எம்மவருக்கு ஓஹிப் இல்லை. அவர்களுக்குரியது மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம். இதன் வேர் 1957ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. 2012 ஜூனில் இத்திட்டத்தில் பெரும் வெட்டு விழுந்தது. 2014 ஜூலையில் மத்திய நீதிமன்றம் அவ்வெட்டு அரசியற் சாசனத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரல் 1ஆம் திகதி முழுத் திட்டமும் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடையில் நேர்ந்த குழப்பத்தின் எச்சமாக, இத்தாளைக் கண்டதும் "இது இங்கு செல்லாது" என்று திருப்பியனுப்பும் வைத்திய நிலையங்களை எம் வாசகர்கள் இன்றும் சந்திக்கிறார்கள். தாள் செல்லுபடியானதே. அந்நிலையம் திட்டத்தை நிர்வகிக்கும் மெடவி புளூ குறொஸ் நிறுவனத்தில் பதிவு செய்யாதிருப்பதே பெரும்பாலும் காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. இத்திட்டம் பணத்தைச் சிகிச்சை அளித்தவருக்கே கொடுக்கும். நோயாளர் கைப்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெற வழியில்லை. "இப்போது கட்டுங்கள், பிறகு அரசாங்கம் தரும்" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவு செய்த நிலையத்தைத் தேடிப் போங்கள்.

குடிவரவுக்காகச் செய்யப்படும் மருத்துவப் பரிசோதனையை வைத்தியர் கிடைத்துவிட்டதாகக் கருதுவோரும் உளர். அப்பரிசோதனையைச் செய்தவர் உங்கள் குடும்ப வைத்தியர் அல்லர். அது முடிந்ததும் அவரது கடமையும் முடிந்தது.

மருந்து, பல், கண் ஆகியவற்றுக்கு இத்திட்டத்தில் பயனாளி ஒரு பகுதியைக் கட்டும் முறை கொண்டுவரப்படும் என்று 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு அறிவித்தது. வைத்தியரையோ தாதியையோ பார்ப்பதற்கு இது பொருந்தாது. மருந்துக் கடையில், சீட்டைக் கொடுக்கும்போதே, "நான் கட்டவேண்டியது எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்ட இயலாவிட்டால் உங்களைப் பார்க்கும் தாதியிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று மருந்து இருந்தால் அவர் எழுதித் தரக்கூடும். குளிசையை இரண்டாக முறிப்பது வழியன்று.

கோரிக்கை ஏற்கப்பட்ட நாளிலேயே ஓஹிப்புக்கு விண்ணப்பிக்கவேண்டும். தீர்ப்புக் கடிதம், அடையாளம், ஒன்ராறியோவில் வசிப்பதற்கான சான்று ஆகியவற்றுடன் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்திற்குச் செல்லுங்கள். முன்னர் இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டது. பழைய கதையைக் கேட்டு வீட்டில் காத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள்.

தொலைபேசியில் நான்கு கேள்விகள்

புறப்படுமுன் தொலைபேசியில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் நிலையம் மாகாண நிதியில் இயங்குவதா, அல்லது நோயாளர் கட்டணத்தில் இயங்குவதா? என்னிடமுள்ள ஓஹிப் அட்டையை, அல்லது இடைக்காலச் சுகாதாரத் திட்டத் தாளை, ஏற்றுக்கொள்வீர்களா? நேர்ஸ் பிராக்டிஷனரிடம் புதிய நோயாளருக்கு இடமுண்டா. இல்லையெனில் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பீர்களா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா? பதிலளித்தவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் பற்றிய கேள்வியை அலட்சியம் செய்யவேண்டாம். பத்து வயதுப் பிள்ளையை அருகில் இருத்தி, தாய் தன் மாதவிடாய்க் கோளாறையும் தந்தை தன் உறக்கமின்மையையும் சொல்ல முயல்வதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். சொல்லவேண்டியது சொல்லப்படாமலே போகிறது. பிள்ளை கேட்கக்கூடாததைக் கேட்கிறது. பிள்ளை பாடசாலைக்குப் போகட்டும்.

போர்க்காலத்தில் பட்ட காயங்களையும் சிறையில் நேர்ந்தவற்றையும் சொல்லப் பலர் அஞ்சுகிறார்கள். சொன்னால் குடிவரவு அதிகாரிகளுக்குப் போய்விடுமோ என்ற ஐயம். நோயாளர் விபரங்களைப் பாதுகாக்கும் ஒன்ராறியோச் சட்டம் 2004இலிருந்து நடைமுறையில் உள்ளது. வைத்தியருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு தாதிக்கும் அது பொருந்தும்.

முதல் நாள் செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகளின் பெட்டிகளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். ஊர் வைத்தியரின் துண்டு, பிள்ளையின் தடுப்பூசிக் குறிப்பு, ஒவ்வாத மருந்தின் பெயர் ஆகியவையும் உதவும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரெனக் கை கால் வழங்காமை போன்றவற்றுக்கு எந்த நிலையத்தின் நேரத்தையும் காத்திருக்கக்கூடாது, 911ஐ அழைக்கவேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அந்தக் குடும்பத்திற்குச் சமூக சுகாதார நிலையத்தைக் காட்டியவர் ஓர் அதிகாரியோ நிறுவனமோ அல்லர். மேல்மாடியில் குடியிருந்த, இரண்டு வருடம் முன்னதாக வந்த ஒரு பெண். அவர் தன் குழந்தையை அங்கே காட்டி வந்தார்; தாயார் விழுந்த செய்தி கேட்டதும் இறங்கிவந்து முகவரியை எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அதற்குமுன் எவரும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. கதவு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களுக்குச் சொல்லவேண்டும்.

அண்மையில் மீண்டும் அவ்வீட்டுக்குப் போனோம். தாயாரின் கால் புண் ஆறிவிட்டது. மேசையில் ஒரு தகரப் பேணியில் குளிசைகள் இருந்தன. ஒன்றும் முறிக்கப்பட்டிருக்கவில்லை.